முடக்குவாதக் கையும் பறவைப் படமும்: ஏரிக்கரையா, படகா, ஆட்டோவா, மொட்டை மாடியா?

முடக்குவாதம் (மூட்டுகளில் அழற்சி வரும் நோய், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ளவர்களுக்குப் பறவைப் படம் எடுப்பதில் முதல் சிக்கல் கேமரா இல்லை, நேரம்தான். விடிந்து இரண்டு மணி நேரம் வரைக்கும் பறவைகள் ஓயாமல் இரை தேடும், கூவும், கிளைக்குக் கிளை தாவும். நமக்கு விரல் மடங்காமல் கட்டையாக இருப்பதும் அதே இரண்டு மணி நேரம்தான். அழற்சியைத் தூண்டும் பொருட்கள் பின்னிரவில் ரத்தத்தில் கூடி அதிகாலையில் உச்சத்துக்கு வருவதால், காலை இறுக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் நிற்கும். போட்டோகிராபி சொல்லிக் கொடுப்பவர்கள் எல்லோரும் சொல்லும் "பொன்னான வெளிச்சம்" நமக்குச் சட்டை பட்டன் போட முடியாத வெளிச்சம்.

வில்லியனூரில் ஒரு டீச்சர், எனக்குத் தெரிந்தவர். சமீபத்தில்தான் நோய் தெரிய வந்து மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். மழை விட்டதும் வலசைப் பறவைகள் வந்துவிடும், அதற்குள் முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டார்: "அக்கா, எங்க போறது, என்ன கேமரா வாங்குறது, இல்ல இதையெல்லாம் விட்டுடவா?" விடச் சொல்லும் ஆள் நான் இல்லை. கடலூரில் இருந்துகொண்டு, இதே கையை வைத்துக்கொண்டு எல்லா வழியிலும் போய்ப் பார்த்ததால், ஒவ்வொன்றும் உடம்பிடம் என்ன கேட்கிறது என்று எழுதுகிறேன். தூரம், எடை, விலை எல்லாம் அப்புறம். எந்த அசைவில் நமக்கு வலிக்கிறது, இந்த இடமோ கருவியோ அந்த அசைவைக் கேட்கிறதா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஏரிக்கரையில் ஆரம்பிக்கலாம். நம் பக்கம் ஏரிக்குப் பஞ்சமில்லை. புதுச்சேரியிலிருந்து பத்து கிலோமீட்டர் சுமாரில் ஊசுட்டேரி. பாதி புதுச்சேரியிலும் பாதி விழுப்புரம் மாவட்டத்திலும் கிடக்கிறது. புதுச்சேரிப் பகுதி 2008ல் பறவைகள் சரணாலயம் ஆனது. அடுத்த பெரிய ஏரி பாகூர், அது கடலூர்க்காரர்களுக்கு இன்னும் கிட்டம். தெற்கே போனால் குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெருமாள் ஏரி, அதற்கும் அப்பால் வீராணம். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, நீலத் தாழைக்கோழி, குளிர்காலத்தில் ஊசிவால் வாத்து என்று கண்ணுக்குக் குறையே இருக்காது.

உடம்புக்குத்தான் குறை. கரையில் நடப்பது பெரிய விஷயமில்லை, நடை மூட்டுக்கு நல்லது என்று டாக்டரே சொல்வார். ஆனால் நீர்ப்பறவையை அதன் கண் மட்டத்தில் எடுக்கக் குந்த வேண்டும், கரைச் சரிவில் இறங்க வேண்டும். முழங்கால் வீங்கியிருக்கும் நாளில் குந்தினால் எழ ஆள் வேண்டும். மடக்கு ஸ்டூல் கொண்டு போகலாம். ஆனால் கடையில் கிடைப்பதெல்லாம் குழந்தைகள் உட்காரும் உயரம். சாப்பாட்டு மேசை நாற்காலி உயரத்துக்கு இல்லாத ஸ்டூலை வாங்காதீர்கள், அதைத் தூக்கி வரவும் ஒருவர் வேண்டும். நிழலும் கழிப்பறையும் எங்கே இருக்கும் என்பதும் ஒரு கேள்வி. வாத்துக் கூட்டம் எப்போதும் ஏரி நடுவில், எந்த லென்ஸுக்கும் எட்டாத தூரத்தில்தான் மிதக்கும். துணை கிடைக்கிற நாளில் மட்டும் ஏரிக்கரை என்று வைத்துக்கொள்ளலாம். மரக்காணம் பக்கத்துக் கழுவேலிக்கு 2024ல் ராம்சர் அந்தஸ்து (சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்த பிறகு எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அருமையான நீர்நிலைதான், ஆனால் அந்தப் பொட்டல் வெயில் எனக்கு ஒத்துவராது.

படகு என்றால் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள சுரபுன்னைக் காடு, 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. துடுப்புப் படகு குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழையும்போது நீர்க்காகமும் மீன்கொத்தியும் பத்தடி, பதினைந்தடிக்குள் உட்கார்ந்திருக்கும். படகு தாழ்வாக மிதப்பதால் குந்தாமலேயே பறவையின் கண் மட்டம் கிடைத்துவிடும். நின்று, நடந்து, காத்துக்கிடக்க வேண்டியதில்லை. மோட்டார் படகு வேண்டாம், அதிர்வில் படம் ஆடும், சத்தத்தில் பறவை போய்விடும்.

பிச்சாவரத்தின் கஷ்டம் முழுக்கப் படகில் ஏறுகிற அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது. படித்துறையிலிருந்து ஆடுகிற படகில் கால் வைக்கும்போது, உதவ வருகிற எல்லோரும் நல்ல மனதோடு நம் கையைப் பிடித்து இழுப்பார்கள். மணிக்கட்டில் அழற்சி உள்ளவருக்கு உயிர் போகிற இடம் அது. படகுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "தம்பி, கையப் புடிக்காதீங்க, நானே உங்க தோளப் புடிச்சிக்கிறேன்" என்றேன். "சரிம்மா, நல்லா அழுத்திப் புடிச்சிக்கிட்டு எறங்குங்க" என்று அவர் குனிந்து தோளைக் காட்டினார். அவ்வளவுதான், ஏறியாயிற்று. கேமராவைப் பையோடு அவரிடமே கொடுத்துவிட்டு, உட்கார்ந்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். படகு ஆடுவதால் ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு நொடிக்குக் குறையக் கூடாது. உயிர்காப்பு ஜாக்கெட் நெஞ்சில் புடைத்துக்கொண்டு முழங்கையை ஒட்டி வைக்க விடாது, அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். சனி, ஞாயிறு கூட்டத்தில் போவது வீண். கடலூரிலிருந்து போய் வருவதே ஒரு நாள் வேலை என்பதால், சீசனுக்கு ஓரிரு முறை போகிற இடம் இது. வாராவாரம் போகிற இடமாக நினைக்காதீர்கள்.

ஆட்டோவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் யாரும் எழுதுவதில்லை. காரை மறைவிடமாக வைத்துப் படம் எடுப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். நடந்து வரும் மனித உருவத்துக்குப் பயப்படும் பறவை, நின்றுகொண்டிருக்கும் வண்டியைச் சட்டை செய்யாது. ஆனால் காரில் சன்னல் உயரத்துக்கு உடம்பைத் திருகி உட்கார வேண்டும். கழுத்துக்கும் தோளுக்கும் அது ஆகாது. ஏசி போட்டால் உள்ளிருக்கும் குளிர்காற்றும் வெளியிலிருக்கும் சூடும் கலக்கும் இடத்தில் படம் நெளியும். ஏசியை நிறுத்தினால் நாம் வெந்துபோவோம்.

ஆட்டோவில் கதவில்லை, கண்ணாடியில்லை. இடப்பக்கம் முழுக்கத் திறந்திருக்கிறது. காலைத் தொங்கப்போட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் உடம்பைத் திருகாமலே பறவைக்கு நேராக இருக்கலாம். வலப்பக்கம் அடித்திருக்கும் குறுக்குக் கம்பிதான் எனக்குப் பிடித்த பாகம். அதன் மேல் ஒரு தானியப் பையைப் போட்டு லென்ஸை வைத்துவிட்டால் எடை முழுக்கக் கம்பிக்குப் போய்விடும், கைக்குத் திருப்புகிற வேலை மட்டும்தான். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்த பை, உள்ளே கேழ்வரகு, அதுவும் பாதிதான். முழுக்க நிரப்பினால் லென்ஸ் உருளும், பையைத் தூக்கவும் முடியாது. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், வலித்தால் திரும்பிவிடலாம், மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிடலாம்.

போகும் இடம் பாகூர் வயல்கள். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று அந்த ஊரைச் சொல்வார்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் பட்டம் (பருவம்) மாறி மாறி நடப்பதால் ஏதாவது ஒரு வயலில் டிராக்டர் சேடை (சேற்று உழவு) ஓட்டிக்கொண்டே இருக்கும். டிராக்டருக்குப் பின்னால் போனால் போதும். கிளறிய சேற்றில் புழுவுக்கும் பூச்சிக்கும் உண்ணிக்கொக்கு கூட்டமாக வரும், நத்தைக்கு நத்தைகுத்தி நாரை, அவற்றோடு அன்றில். மின்கம்பியில் பஞ்சுருட்டானும் கரிச்சானும். ஏரி நடுவில் புள்ளியாகத் தெரிந்த நாரை இங்கே இருபதடியில் நத்தையை அலகால் நெம்பிக்கொண்டிருக்கும். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி விட்டிருக்குமே, அது வழியாக அந்தப் பக்கத்துப் பச்சை தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில்.

ஆட்டோக்காரரிடம் மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். கிலோமீட்டர் கணக்கு சரிவராது, மணிக்கணக்கில் வாடகை பேசுங்கள். நிறுத்தியதும் எஞ்சினை ஆஃப் செய்ய வேண்டும், இறங்கக் கூடாது, பீடி பற்றவைக்கக் கூடாது. நான் வழக்கமாகக் கூப்பிடும் தம்பி முதலில் சிரித்தார். இப்போது "அக்கா, மொத்தமா திரும்பாதீங்க, லெஃப்ட்ல ஆள்காட்டி குஞ்சோட போவுது" என்று அவரே மெதுவாகச் சொல்கிறார். தனியாகப் போகிற பெண்களுக்குத் தெரிந்த ஆட்டோக்காரர் கூட இருப்பது ஒரு காவலும்கூட.

மொட்டை மாடியும் தோட்டமும் கடைசிக் கதி என்று நினைப்பவர்கள் அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது எங்கள் தெருவில் பெரிய மரங்கள் போய்விட்டன. அப்புறம் வைத்த முருங்கையும் செம்பருத்தியும் இன்று தேன்சிட்டுக்கும் தையல்சிட்டுக்கும் போதுமானதாக இருக்கின்றன. அகலமான மண்தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், பக்கத்தில் ஒரு காய்ந்த கிளை, பின்னால் குறைந்தது பத்தடிக்கு வெற்றிடம். முக்காலியில் கேமராவை வைத்துவிட்டு, கைப்பேசி செயலி வழியாகத் தூரத்திலிருந்தே ஷட்டரைத் தட்டலாம், பொத்தானை அழுத்தவே வேண்டாம். கொண்டைக்குருவி முதலில் வரும், மற்றவை அதைப் பார்த்து வரும். குளிர்காலத்துப் பிற்பகலில் அரசவால் ஈப்பிடிப்பான் குளிக்க வந்தால் அது அதிர்ஷ்டம். தண்ணீரைத் தினமும் மாற்றித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள், இல்லையென்றால் டெங்குக் கொசுவுக்குத்தான் குளம் வெட்டியதாகும்.

காலை இறுக்கத்துக்கு வீடுதான் சரியான பதில். வெந்நீரில் கையை நனைத்துக்கொண்டே சன்னலோரம் உட்கார்ந்து பார்க்கலாம். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் வீட்டிலிருந்தே பதினைந்து நிமிடம் பார்த்து, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பதிவு செய்யலாம். அந்தப் பட்டியலில் தெருக்கோடி மைனாவுக்கும் இடம் உண்டு. ஆனால் ஒன்று. வீட்டோடு நிறுத்திக்கொண்டால் "பாவம், வெளியே போக முடியல" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவார்கள், கொஞ்ச நாளில் நாமும் அதை நம்பிவிடுவோம். டீச்சருக்கு நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்.

சரி, கேமரா. பறவைக்காரர்கள் கையில் அதிகம் பார்ப்பது 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ். மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். சிக்மா, டாம்ரான் இரண்டும் தனியாகவே இரண்டு கிலோவுக்குப் பக்கம், கேமரா உடலோடு சேர்த்தால் இரண்டரை தாண்டும். படம் நன்றாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் எடையைத் தானியப் பை தாங்கிக்கொண்டாலும், 150லிருந்து 600க்குப் போக அந்தத் தடித்த வளையத்தை இடக்கையால் திருக வேண்டுமே, அதை எந்தப் பையும் செய்யாது. ஜாடி மூடியைத் திறக்க ஆள் கூப்பிடுகிற கைக்கு அது ஆகாது. இந்த வழியை நான் விட்டுவிட்டேன்.

மிச்சம் இரண்டு. நிக்கான் கூல்பிக்ஸ் பி950 என்ற, லென்ஸைக் கழற்ற முடியாத ஒரே துண்டுக் கேமரா, 1005 கிராம். கேனன் ஆர்10 உடலும் ஆர்எஃப் 100-400 லென்ஸும் சேர்ந்தால் 429ம் 635ம், ஆக 1064 கிராம். ஏறக்குறைய ஒரே எடை. கிராமை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று. கைக்கு இரண்டும் வேறு வேறு.

பி950ல் ஜூம் வளையமே இல்லை. ஷட்டரைச் சுற்றி ஒரு நெம்பு (லீவர்), லென்ஸின் பக்கவாட்டில் இன்னொன்று. கட்டை விரலால் லேசாகத் தள்ளினால் மோட்டார் இழுத்துக்கொள்ளும். 2000 மி.மீ.க்கு நிகரான தூரம் வரை போகும் என்பதால் ஊசுட்டேரி நடுவில் மிதக்கும் கூழைக்கடாவும் கைக்கு வரும். குறை என்னவென்றால், படத்தைப் பதிக்க உள்ளே இருப்பது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சென்சார். வெளிச்சம் குறைந்ததும் படம் மணல் மணலாகும். பறக்கிற பறவையைக் குவியம் (ஃபோகஸ்) பிடிப்பதற்குள் அது அடுத்த ஏரிக்குப் போயிருக்கும்.

ஆர்10ல் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் குவியம் இருக்கிறது. டிராக்டர் பின்னால் பறக்கிற கொக்கு, செம்பருத்தியில் நிற்காமல் அலைகிற தேன்சிட்டு இரண்டுக்கும் இதுதான் சரி. ஜூம் வளையம் இருக்கிறது, ஆனால் சின்ன லென்ஸ் என்பதால் திருகல் இலகு. நான் 400லேயே வைத்துவிட்டு வளையத்தைத் தொடுவதே இல்லை. திரையைத் தொட்டால் படம் எடுக்கும் வசதியும் உண்டு. தூரத்துக்கு எட்டாது என்பதே குறை, 400 மி.மீ. இந்தக் கேமராவில் 640க்கு நிகர்தான். கேனனின் 600 மி.மீ. எஃப் 11 லென்ஸ் ஒரு கிலோவுக்கும் குறைவுதானே என்று டீச்சர் கேட்டார். அதை ஒவ்வொரு முறையும் குழாயைப் போல வெளியே இழுத்து ஒரு வளையத்தைத் திருகிப் பூட்ட வேண்டும். மறுபடியும் திருகல். எஃப் 11 என்றால் லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் குறைவு, அதனால் மாலை வெளிச்சத்துக்கும் போதாது.

ஆட்டோவும் மாடியும் முதன்மை என்றால் ஆர்10 வகை. ஏரிக்கரைதான் ஆசை, பறக்கிற படம் முக்கியமில்லை, பறவையை அடையாளம் தெரிந்தால் போதும் என்றால் பி950. என் கையில் இப்போது இருப்பது முதலாவது. எதை வாங்கினாலும் கழுத்துப்பட்டையைக் கழற்றி வைத்துவிடுங்கள். இந்த நோய் கழுத்தின் மேல் எலும்புகளையும் தொடக்கூடியது, ஒரு கிலோவைக் கழுத்தில் தொங்கவிடுவது வேண்டாத வேலை. தோளுக்குக் குறுக்கே போடும் அகலப் பட்டை நல்லது.

இனி நேரக் கணக்கு. காலையை வீட்டுக்கும் மாலையை வெளியிலும் என்று பிரித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். மூன்றரை மணிக்குக் கிளம்பினால் கை நன்றாக இளகியிருக்கும். கொக்குகளும் நீர்க்காகங்களும் அடைய வரும் நேரமும் அதுதான், பறக்கும் படத்துக்குத் தோதான நேரம். குளிர்காலத்தில் மட்டும் வரும் ஆறுமணிக் குருவி காலையைப் போலவே அந்தியிலும் குரல் கொடுக்கும். ஆனால் மாலையில் சூரியன் மேற்கே, ஆகவே வயலோ தண்ணீரோ உங்களுக்குக் கிழக்கே இருக்குமாறு நிறுத்தச் சொல்லுங்கள். மாற்றி நின்றால் எல்லாப் பறவையும் காக்கையாகத்தான் விழும்.

மருந்துக் கணக்கும் இதில் வருகிறது. மெத்தோட்ரெக்சேட் இந்த நோய்க்கு வாரத்துக்கு ஒரு நாள் போடுகிற மாத்திரை. பலருக்கு மறுநாள் குமட்டலும் அசதியும் இருக்கும், அந்த நாளில் பயணம் வைக்காதீர்கள். எந்தக் கிழமை போடுவது என்பதை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள முடியும். இதே நோய்க்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுப்பவர்கள் விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது, கண் நமக்குக் கையைவிட முக்கியம். மெத்தோட்ரெக்சேட் போன்றவை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் என்பதால் சேற்றில் வெறுங்காலோடு இறங்குவது, கீறலைக் கவனிக்காமல் விடுவது இரண்டும் வேண்டாம். முழுக்கைச் சட்டை வெயிலுக்கும் கொசுவுக்கும் சேர்த்து. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இதற்கென்றே நோய் எதிர்ப்பியல் துறை இருக்கிறது, நம் பக்கத்துக்காரர்களுக்கு அது ஒரு வசதி. உங்களுக்கு இருப்பது வேறு நோய் என்றால் கணக்கும் வேறு. மூச்சுத் தொல்லைக்கு அறுவடைத் தூசி பகை. கை நடுக்கத்துக்கு எடை கொஞ்சம் கூடுதலாக இருப்பதுகூடச் சிலருக்கு உதவும்.

டீச்சர் கேமரா வாங்கப் போவதற்கு முன் நான் அவரைச் செய்யச் சொன்னது ஒரு சோதனை. கடை திறந்ததும் போங்கள், கை இறுகியிருக்கும் நேரத்தில். சாயங்காலம் போனால் எல்லா கேமராவும் லேசாகத் தெரியும். லென்ஸைக் கழற்றி மாட்டுங்கள். பேட்டரி மூடியை நகத்தால் திறந்து பாருங்கள், பல கேமராவில் அதுவே பெரிய வேலை. ஷட்டரைப் பாதி அழுத்திப் பத்து எண்ணும் வரை பிடியுங்கள். முக்காலி வாங்குவதானால் அதன் திருகுகளை நீங்களே இறுக்கித் தளர்த்துங்கள், திருகுக்குப் பதில் நெம்புப் பூட்டு உள்ளது கிடைத்தால் அதையே எடுங்கள். கடைக்காரர் பொறுமை இழந்தால் இழக்கட்டும். தெரிந்த கல்யாண ஸ்டூடியோவில் இரண்டு நாள் வாடகைக்குக் கொடுப்பார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். கொடுத்தால் அந்த இரண்டு நாளும் ஆட்டோவைப் பாகூருக்கு விடுங்கள்.